லண்டன் முதல் சம்பளமும் வரிக் குழப்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குப் போவது எப்படி என்று தங்கள் நாளிதழ் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்ததைப் படித்தேன். பாஸ்போர்ட், ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு, விசா, ஏஜென்ட் விவகாரம் எல்லாமே அதில் இருந்தது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பக்கம் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிவிட்டதோடு நின்றுவிட்டது. இறங்கி, வேலையில் சேர்ந்து, முதல் சம்பளம் வாங்கும்போது என்ன நடக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. இங்கிலாந்து போகிறவர்கள் வீட்டில் அந்த முதல் சம்பளத்தை நம்பித்தான் நகைக்கடன் வட்டி கட்டத் தேதி குறித்து வைத்திருக்கிறார்கள். வருகிற பணம் குறைந்தால் இங்கே வீடே கலங்கிப் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சம்பளப் பில் போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். சொந்தத்தில் யார் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் போன் எனக்குத்தான் வரும். அப்படித்தான் என் அக்கா மகளின் போனும் வந்தது. அவள் அக்டோபரில் இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தாள். (எங்கள் ஊரில் அந்த நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ‘லண்டன்’தான். என் அக்காவும் லண்டன் என்றுதான் சொல்கிறாள்.) கூடவே அதே வாரம், அதே வார்டில், அதே சம்பளத்தில் கோட்டயத்துப் பெண் ஒருத்தியும் சேர்ந்திருக்கிறாள்.

“சித்தி, அவளுக்கு வரியே பிடிக்கல. எனக்கு மட்டும் முன்னூறு பவுண்டு கிட்ட பிடிச்சிருக்காங்க. எமர்ஜென்சி டாக்ஸ்னு சொல்றாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று அழாத குறை.

அத்தானுக்குச் சந்தேகம் வேறு இடத்தில். “ஏஜென்ட் பய ஏதோ பண்ணிட்டாம்லா” என்று வண்ணார்பேட்டைக்குக் கிளம்பச் சட்டையைப் போட்டுவிட்டார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, “ஏ பிள்ள, சம்பளச் சீட்ட முழுசா போட்டோ எடுத்து அனுப்பு” என்றேன். சீட்டைப் பார்த்ததும் ஏஜென்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. சீட்டின் ஓரத்தில் டாக்ஸ் கோடு, அதாவது வரிக் குறியீடு என்ற இடத்தில் ‘1257எல் எம்1’ என்று இருந்தது. கோட்டயத்துப் பெண்ணின் சீட்டில் வெறும் ‘1257எல்’. அந்த எம்1 தான் முன்னூறு பவுண்டு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒருவர் வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை சம்பாதித்தால் வருமான வரி கிடையாது. 2021 ஏப்ரலிலிருந்து இந்த எண் மாறவில்லை. அதன் கடைசிப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு, வழக்கமான விலக்கு பெறுகிறவர் என்பதற்கு ஓர் எல் சேர்த்தால் 1257எல். பெரும்பாலானோர் சீட்டில் இருப்பது இதுதான். 12,570க்கு மேல் 50,270 வரை உள்ள சம்பளத்துக்கு 20 சதவீத வரி. ஸ்காட்லாந்தில் மட்டும் வீதங்கள் வேறு, அங்கே கோடின் முன்னால் ஓர் எஸ் இருக்கும்.

அவர்களின் வரி வருடம் ஏப்ரல் 6 அன்று தொடங்கி அடுத்த ஏப்ரல் 5 அன்று முடிகிறது. நமக்கு ஏப்ரல் 1, அவர்களுக்கு 6. 1752இல் அவர்கள் காலண்டரை மாற்றி 11 நாட்களைத் தாண்டிக் குதித்ததில் ஆரம்பித்த கதை அது. அதை விடுங்கள். முக்கியமானது, 12,570 விலக்கு மாதா மாதம் சுமார் 1,048 பவுண்டாகப் பிரிந்து சேர்ந்துகொண்டே வரும் என்பது. எம்1 இல்லாத சாதாரணக் கோடு என்றால், ஏப்ரலிலிருந்து சேர்ந்த விலக்கு முழுவதையும் பார்ப்பார்கள். நீங்கள் அக்டோபரில் சேர்ந்தாலும் அதற்கு முந்தைய மாதங்களின் விலக்கு உங்களுக்கு உண்டு. எம்1 இருந்தால் அந்த ஒரு மாதத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். நம் ரேஷன் கடையில் போன மாதம் வாங்காத சீனியை இந்த மாதம் கேட்டால் கிடைக்காதல்லவா, அந்த மாதிரி. வாரச் சம்பளக்காரர்களுக்கு எம்1க்குப் பதில் டபிள்யூ1 என்று வரும். சில சீட்டுகளில் வெறும் எக்ஸ் என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான். இவற்றைத்தான் எமர்ஜென்சி டாக்ஸ் கோடு என்கிறார்கள். பேரைக் கேட்டால் ஏதோ விபத்து நடந்த மாதிரி இருக்கிறது. உங்களைப் பற்றிய முழு விவரம் இன்னும் வரவில்லை, வரும்வரை இப்படிப் பிடித்து வைக்கிறோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

என் அக்கா மகள் சம்பளத்தை அச்சில் சொல்லவில்லை. கணக்கு வசதிக்கு மாதம் 2,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். எம்1 போட்டால் 2,500இல் 1,048 போக மீதிக்கு 20 சதவீதம், அதாவது மாதம் சுமார் 290 பவுண்டு வரி. அக்டோபர் முதல் மார்ச் வரை 6 மாதத்துக்கு 1,740. எம்1 இல்லாவிட்டால்? அந்த 6 மாதத்தில் மொத்தச் சம்பளம் 15,000. விலக்கு 12,570. மீதி 2,430க்கு 20 சதவீதம் 486 பவுண்டு. அவ்வளவுதான் உண்மையில் கட்ட வேண்டிய வரி. வித்தியாசம் சுமார் 1,250 பவுண்டு. நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். வருட நடுவில் போய் இறங்குகிறவர்களுக்குத்தான் எம்1 இப்படி அடிக்கிறது. ஏப்ரல் கடைசியில் சேர்ந்தவருக்கு எம்1 இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் செப்டம்பர், அக்டோபர், ஜனவரி என்றுதானே விமானம் ஏறுகிறார்கள்.

சரி, ஒரே வாரத்தில் சேர்ந்த இரண்டு பேருக்கு ஏன் இரண்டு கோடு? வேலையில் சேரும்போது கொடுக்கும் ஒரு படிவத்தில்தான் விஷயம் இருக்கிறது. அந்த நாட்டில் வேலையை விட்டு வருகிறவர் பழைய இடத்திலிருந்து பி45 என்ற தாளைக் கொண்டுவருவார். அதில் அந்த வருடச் சம்பளமும் பிடித்த வரியும் இருக்கும். புதிதாக வந்து இறங்குகிறவரிடம் பி45 ஏது? அவருக்கு ‘ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்’ என்ற படிவம். அதில் ஏ, பி, சி என்று மூன்று வாசகங்கள். ஏப்ரல் 6க்குப் பிறகு இதுதான் என் முதல் வேலை என்பது ஏ. இப்போது இது ஒன்றுதான் வேலை, ஆனால் ஏப்ரல் 6க்குப் பிறகு வேறு வேலையும் பார்த்திருக்கிறேன் என்பது பி. இதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது, அல்லது பென்ஷன் வருகிறது என்பது சி. ஏ என்றால் 1257எல். பி என்றால் 1257எல் எம்1. சி என்றால் பிஆர் என்ற கோடு, அதில் விலக்கே கிடையாது, முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம்.

என் அக்கா மகள் செப்டம்பர் வரை இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தவள். ‘வேறு வேலை பார்த்திருக்கிறேன்’ என்பதைப் பார்த்ததும் நேர்மையாக பி-யைக் குறித்துவிட்டாள். கோட்டயத்துப் பெண்ணும் செப்டம்பர் வரை அங்கே வேலை பார்த்தவள்தான். ஆனால் அவளுக்கு முன்பே போயிருந்த சொந்தக்காரி யாரோ, அவர்கள் கேட்பது இங்கிலாந்துச் சம்பளக் கணக்கில் வரும் வேலையைத்தான், நம் ஊர் வேலையை இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் ஏ குறித்தாள். இந்தச் சொல்லி அனுப்புகிற ஆள் கேரளத்துப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இன்னும் அந்த அளவுக்கு இல்லை. எனக்கு இதில்தான் வருத்தம். முருகன்குறிச்சியிலிருந்து ஹைகிரவுண்டு வரை நடந்தால் எத்தனை கோச்சிங் போர்டுகள்! ஆங்கிலத்தில் நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மாதக்கணக்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த ஒரு படிவத்தைப் பற்றிச் சொல்ல அரை மணி நேரம் போதும். நான் விசாரித்த இரண்டு இடங்களில், “அதெல்லாம் அங்க போய் அவங்க பாத்துக்குவாங்க மேடம்” என்றார்கள்.

படிவத்தையே கொடுக்காதவர்கள் நிலைமை இன்னும் மோசம். பி45ம் இல்லை, இந்தத் தாளும் சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் 0டி என்ற கோடு விழும். முன்னால் இருப்பது ஓ இல்லை, பூஜ்யம். விலக்கு பூஜ்யம் என்று அர்த்தம். 2,500இல் முழுசாக 500 பவுண்டு போய்விடும். சேர்ந்த அன்று வங்கிக் கணக்கு, சீருடை, அறைச் சாவி என்று ஆயிரம் தாள்களில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதில் இந்த ஒரு தாள் பையிலேயே தங்கிவிடுவது உண்டு. சம்பளப் பில் மூடும் தேதிக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எந்த நாட்டிலும் பில் மூடிய பிறகு வருகிற தாளை அடுத்த மாதம்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது அத்தானைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘பாதிச் சம்பளம் வரியில் போச்சு’ என்று சொல்கிறவர்கள் சீட்டில் எல்லாப் பிடித்தத்தையும் கூட்டி வரி என்கிறார்கள். நேஷனல் இன்ஷூரன்ஸ் என்கிற அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் வேறு. மாதம் 1,048 பவுண்டுக்கு மேல் உள்ள சம்பளத்துக்கு 8 சதவீதம் பிடிப்பார்கள், நம் உதாரணத்தில் 116 பவுண்டு. அதற்கும் டாக்ஸ் கோடுக்கும் தொடர்பு இல்லை. கோடு சரியானாலும் அது திரும்பி வராது. பென்ஷன் பிடித்தம் தனி, மருத்துவமனை கொடுத்த அறைக்கு வாடகை தனி. திரும்பி வரக்கூடியது கூடுதலாகப் பிடித்த வருமான வரி மட்டும்தான்.

அது எப்படி வருகிறது? ஏஜென்டும் வேண்டாம், அழவும் வேண்டாம். எச்எம்ஆர்சி என்கிற அவர்கள் வரித்துறையின் இணையதளத்திலோ ஆப்பிலோ சொந்தக் கணக்கு தொடங்கி, கோடு என்ன, வேலை விவரம் சரியா என்று பார்த்துத் திருத்தலாம். போனிலும் பேசலாம், 0300 200 3300. காத்திருக்க வைப்பார்கள், டீயைப் போட்டு வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும். பேச நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் கையில் இருக்க வேண்டும். அந்த எண் வருவதற்கு முன்பே வேலை தொடங்கலாம், எமர்ஜென்சி கோடுக்குக் காரணம் அது இல்லை. ஆனால் விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாமல் இருப்பது நல்லது.

என் அக்கா மகள் டிசம்பரில் பேசினாள். நம் ஊர் வேலையைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை என்று சொன்னாள். வரித்துறை புதுக் கோடை நேரே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டது. ஜனவரிச் சம்பளச் சீட்டில் எம்1 இல்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பிடித்தது முழுவதும் அந்தச் சம்பளத்தோடு சேர்ந்து திரும்ப வந்தது. நம் உதாரணக் கணக்கில் சொன்னால் 870 பவுண்டு. வரித்துறை தனியாகச் செக் அனுப்பவில்லை. வருடம் முடிவதற்குள் கோடு சரியானால் சம்பளத்திலேயே திரும்பிவிடும். வருடம் முடிந்துவிட்டால் அவர்களே கணக்குப் பார்த்து பி800 என்ற கடிதம் அனுப்புவார்கள். கவனிக்காமல் விட்டவர்கள்கூட அந்த வரி வருடம் முடிந்து 4 ஆண்டுகள் வரை கேட்கலாம்.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான். பிப்ரவரியில் கோட்டயத்துப் பெண்ணுக்கும் வரி பிடித்தார்கள், இருநூறு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக. அதுவரை பிடிக்காதவர்கள் இப்போது ஏன் பிடிக்கிறார்கள் என்று அவள் அலற, என் அக்கா மகள் அவளுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறாள். சேர்ந்து கிடந்த விலக்கு பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மார்ச்சிலிருந்து இரண்டு பேருக்கும் மாதம் 290. ஆகவே வரியே இல்லாமல் வந்த முதல் மாதங்களின் தொகையை வைத்து இங்கே யாரும் சீட்டுக் கட்டவோ புது மாடி எழுப்பவோ ஆரம்பிக்க வேண்டாம். இதையும் நான் அத்தானிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே நம் வழக்கம் நேர் எதிர். வருட நடுவில் வேலை மாறுகிறவர் பழைய இடத்துச் சம்பளத்தைப் புது இடத்தில் சொல்லாவிட்டால், புது ஆபீஸ் வரி விலக்கையெல்லாம் முதலிலிருந்து இன்னொரு முறை கொடுத்துவிடும். வரி குறைவாகப் பிடித்து, சம்பளம் கைநிறைய வரும். அடுத்த ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது வட்டியோடு கட்டச் சொல்லும். அரசு சம்பளக்காரர்களுக்கோ பிப்ரவரி. அந்த மாதச் சம்பளத்தை வரி விழுங்கிவிடும், பில் போட்ட எங்களை ஒரு வாரத்துக்கு யாரும் முகம் கொடுத்துப் பார்க்க மாட்டார்கள். இங்கிலாந்தில் முதலில் அதிகம் பிடித்துப் பிறகு தருகிறார்கள். எது மேல் என்று கேட்டால் எனக்கு அவர்கள் முறைதான் மேல், ஆனால் நகையை அடகு வைத்துப் போனவர்களுக்கு முதல் மாதம் கை கடிக்கும் என்பதும் உண்மை.

படிக்கப் போகிற பிள்ளைகள் விஷயம் சற்று வேறு. எங்கள் தெருவில் குடியிருக்கும் வள்ளியூர்க்காரர் மகன் எம்எஸ்சி படிக்கப் போயிருக்கிறான். கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதை ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு ஹோட்டல் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறான். ஹோட்டலில் சி குறித்தான், அது சரியான பதில்தான். ஆனால் அங்கே கிடைக்கும் 400 பவுண்டில் 80 பவுண்டு பிஆர் கோடில் போய்விடுகிறது. இரண்டு சம்பளத்தையும் கூட்டினாலும் அந்த வருடம் 12,570ஐத் தொடவில்லை, கட்ட வேண்டிய வரி பூஜ்யம். இதற்குப் பெயர் எமர்ஜென்சி கோடு இல்லை, ஆனால் பணம் அதே மாதிரிதான் போகிறது. முதல் வேலையில் பயன்படாத விலக்கை இரண்டாவதுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று வரித்துறையிடம் கேட்கலாம். இல்லையென்றால் வருட முடிவில் திரும்பப் பெறலாம். படிப்பு முடிந்து வருட நடுவில் ஊர் திரும்புகிறவர்கள் வேலையை விடும்போது பி45ஐக் கேட்டு வாங்கிக்கொண்டு, பி85 என்ற படிவத்தை அனுப்பினால் மீதிப் பணம் வரும். நிறையப் பேர் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

பணம் திரும்பி வரும் என்றதும் ஆட்களும் வந்துவிடுகிறார்கள். நாங்கள் வாங்கித் தருகிறோம், கமிஷன் கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்களைப் பார்த்தேன். வரித்துறையே காசு வாங்காமல் செய்கிற வேலைக்கு இன்னொருவருக்கு ஏன் பங்கு? அதைவிட மோசம், ‘உங்களுக்கு ரீஃபண்ட் இருக்கிறது, வங்கி விவரத்தை இந்த லிங்க்கில் போடுங்கள்’ என்று வருகிற செய்திகள். வரித்துறை அப்படிச் செய்தி அனுப்பி வங்கி விவரம் கேட்பதில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தாலும், இங்கே இருக்கிற அப்பா அம்மா பதறிப்போய் ‘போடு போடு’ என்று சொல்லிவிடக் கூடாது.

தங்களிடம் நான் கேட்பது, அடுத்த முறை அந்தப் பக்கம் வரும்போது ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டையும் அந்தப் படிவத்தையும் படமாகப் போட்டு, எங்கே என்ன பார்க்க வேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள். கோச்சிங் நடத்துகிறவர்களும் அதை வெட்டிச் சுவரில் ஒட்டட்டும். கடிதம் நீண்டுவிட்டது, பில் போட்ட பழக்கம். இடம் போதாது என்றால் அத்தான் கதையை வெட்டிவிடுங்கள், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஏ, பி, சி வருகிற பத்தியை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளப் பிரிவு எழுத்தர்,
மகாராஜநகர், பாளையங்கோட்டை.